வெப் அனிமேஷனில் புதுக் கருவிகள்: எதைக் கற்பது, எப்படிப் பின்தொடர்வது, சொந்தமாக ஒன்று எழுதுவது எப்படி?

கேள்வி: வடபழனியில் ஒரு ஸ்டுடியோவில் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வேலை செய்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரியும். வெப்பில் இன்டராக்டிவ் அனிமேஷன் பக்கம் போக ஆசை. ஜிசாப், லாட்டி, ரைவ், த்ரீ.ஜேஎஸ் என்று தினம் ஒரு பெயர் காதில் விழுகிறது. எதில் தொடங்குவது? புதிதாக வருவதையெல்லாம் எப்படித் தொடர்ந்து தெரிந்துகொள்வது? சின்னதாக ஒரு கருவி நானே எழுதிப் பார்க்கவும் எண்ணம் இருக்கிறது. சரிப்படுமா?

பதில்:

தாராளமாகச் சரிப்படும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸும் ஜாவாஸ்கிரிப்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது சென்னையில் இன்னும் அரிதுதான். வடபழனி, சாலிகிராமம் பக்கம் மோஷன் கிராஃபிக்ஸ் கைவந்தவர்கள் நிறையப் பேர். ஓஎம்ஆர் பக்கம் கோடு எழுதுகிறவர்கள் அதைவிட நிறையப் பேர். இந்த இரண்டு பேரும் ஒரு வேலையில் சேரும்போது என்ன நடக்கிறது? இவர் ஒரு வீடியோ அனுப்புகிறார். அவர் அதை ஓட்டிப் பார்த்து, எத்தனை மில்லிசெகண்ட் இருக்கும் என்று கண்ணளவில் கணக்குப் போட்டு, முதலிலிருந்து கோடில் எழுதுகிறார். வரைந்தவர் மெனக்கெட்டுச் சேர்த்த நெளிவும் தயக்கமும் அந்தக் கைமாற்றத்தில் காணாமல் போகின்றன. புதிதாக வரும் கருவிகளில் பாதிக்குமேல் இந்த ஒரு இடைவெளியை அடைக்க வந்தவை. நீங்கள் வேலை செய்யப் போவதும் அங்கேதான் என்பதால், அந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்ப்போம்.

முன்பு இந்த இடைவெளி இவ்வளவு பெரிதாக இல்லை. 1996-ல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர் என்று ஒரு மென்பொருள் வந்தது. மேக்ரோமீடியா அதை வாங்கி ஃப்ளாஷ் என்று பெயர் மாற்றியது. வரைகிறவரும் கோடு எழுதுகிறவரும் ஒரே கோப்பைத் திறந்தார்கள். டைம்லைனில் ஒரு ஃபிரேமைத் தொட்டு, அங்கேயே ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் எழுதினார்கள். 2005-ல் அது அடோபி கைக்குப் போனது. 2010 ஏப்ரலில், ஐபோனில் ஃப்ளாஷுக்கு ஏன் இடமில்லை என்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதமே எழுதினார். 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி ஃப்ளாஷ் பிளேயருக்கு மூடுவிழா நடத்தியது. இங்கே சென்னையில் இ-லேர்னிங் வேலையில் இருந்தவர்கள் வருடக்கணக்கில் செய்த பாடங்கள் பிரவுசரில் திறக்காமல் போயின. ரஃபிள் என்ற திறந்த மூல எமுலேட்டர் அவற்றில் சிலவற்றை இன்று மீட்டுக் கொடுக்கிறது. எல்லாவற்றையும் மீட்க முடியவில்லை.

ஆனால் ஃப்ளாஷ் தெரிந்தவர்கள் யாரும் கைவிடப்படவில்லை. 2000-களின் தொடக்கத்தில் ராபர்ட் பென்னர் ஃப்ளாஷுக்காக எழுதிய ஈசிங் சூத்திரங்கள் (அசைவு எங்கே வேகமெடுக்கும், எங்கே தணியும் என்ற கணக்கு) இன்றும் ஏறக்குறைய எல்லா அனிமேஷன் லைப்ரரிகளிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஜிசாப் என்ற அனிமேஷன் லைப்ரரியும் ஆக்‌ஷன்ஸ்கிரிப்டில் பிறந்து, பிறகு ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்ததுதான். அசைவின் கணக்கு தெரிந்தவர்கள் கருவியை மட்டும் மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எனவே முதல் இரண்டு மூன்று மாதம் எந்த லைப்ரரியின் பெயரையும் தலையில் ஏற்றாதீர்கள். பிரவுசர் ஓர் அசைவை எப்படிக் காட்டுகிறது என்பதை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்.

அதில் முதலில் தெரிய வேண்டியது ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், 120 ஹெர்ட்ஸ் திரையில் 8.3. அதற்குள் பிரவுசர் ஸ்டைலைக் கணக்கிட்டு, லேஅவுட் போட்டு, பெயின்ட் செய்து, அடுக்குகளைச் சேர்க்க வேண்டும். ஒரு பெட்டியை நகர்த்த நீங்கள் 'லெஃப்ட்' மதிப்பை மாற்றினால் லேஅவுட்டிலிருந்து எல்லாமே மறுபடி நடக்கும். 'டிரான்ஸ்ஃபார்ம்' மாற்றினால் பெரும்பாலும் கடைசிப் படி மட்டும் போதும். 'டிரான்ஸ்ஃபார்ம்', 'ஒப்பாசிட்டி' இரண்டையும் அடுக்குகளைச் சேர்க்கும் கம்பாசிட்டர் தனியாகப் பார்த்துக்கொள்ளும். அசைவைச் சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) எழுதியிருந்தால், ஜாவாஸ்கிரிப்ட் ஓடும் மெயின் த்ரெட் வேறு வேலையில் மூழ்கியிருந்தாலும் அது தடைபடாது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ரெண்டர் எவ்வளவு நேரம் எடுத்தாலும் கடைசியில் வீடியோ சீராக ஓடும். வெப்பில் பார்க்கிறவரின் போன் அந்த நொடியில்தான் ரெண்டர் செய்கிறது. வீடியோவிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பழகக் கொஞ்ச காலம் பிடிக்கும். ரிச்சி தெருவில் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று வாங்கி, யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, குரோம் டெவ்டூல்ஸின் பெர்ஃபார்மன்ஸ் பேனலில் உங்கள் அசைவை ஓட்டிப் பாருங்கள். எந்த ஃபிரேம் தவறியது, எதனால் தவறியது என்று அது காட்டிவிடும்.

அடுத்தது, என் கணக்கில் இதைவிட முக்கியமானது: குறுக்கீடு. வீடியோவில் தொடக்கம் முதல் முடிவுவரை உங்கள் ஆட்சி. இன்டராக்டிவ் என்று சொன்ன கணமே பார்க்கிறவர் நடுவில் கை வைப்பார். ஒரு மெனு 300 மில்லிசெகண்டில் திறக்கிறது என்று வையுங்கள். 150-ஆவது மில்லிசெகண்டில் அவர் மனம் மாறி மூடு பட்டனைத் தட்டுகிறார். திறக்க ஒரு சிஎஸ்எஸ் கீஃப்ரேம், மூட இன்னொரு கீஃப்ரேம் என்று எழுதியிருந்தால், பாதி திறந்த மெனு சட்டென்று முழுதாகத் திறந்த நிலைக்குத் தாவி, அங்கிருந்து மூடத் தொடங்கும். அந்தத் தாவல் கண்ணை உறுத்தும். அதையே சிஎஸ்எஸ் டிரான்சிஷனில் எழுதினால் பிரவுசர் இப்போது இருக்கும் இடத்திலிருந்தே திரும்பும். பாதி தூரம்தான் வந்திருக்கிறது என்பதால் திரும்பும் நேரத்தையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளும். சுருள்வில் போல அசையும் ஸ்பிரிங் முறையில் எழுதினால் இடத்தோடு வேகத்தையும் நினைவில் வைத்துக்கொண்டு, சற்றே முன்னே போய், தயங்கி, பிறகு திரும்பும். விரலால் இழுக்கிற எதற்கும் ஸ்பிரிங்தான் இயல்பாக இருக்கும். இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, வேகவேகமாகத் தட்டிப் பாருங்கள். ஒரு மாலை நேர வேலைதான். புதுக் கருவி எதைப் பார்த்தாலும் நான் முதலில் செய்யும் சோதனையும் இதுவே: நடுவில் தட்டினால் என்ன ஆகிறது?

இனி நீங்கள் கேட்ட பெயர்களுக்கு வருகிறேன்.

லாட்டி உங்களுக்கு மிக அருகில் இருப்பது. ஹெர்னான் டோரிசி எழுதிய பாடிமூவின் என்ற பிளகின் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் கம்போசிஷனை ஜேசான் என்ற தரவுக் கோப்பாக மாற்றும். ஏர்பிஎன்பி 2017-ல் அதை வைத்து மொபைலுக்கும் பிளேயர்கள் எழுதி, லாட்டி என்று வெளியிட்டது. ஷேப் லேயர், மாஸ்க், டிரிம் பாத் வரை நன்றாக வரும். எஃபெக்ட்ஸ் பெரும்பாலும் வராது. படங்களை உள்ளே பொதித்தால் கோப்பு வீங்கிவிடும். கம்போசிஷன் தொடங்கும் முன்பே 'இது லாட்டிக்குப் போகிறது' என்று முடிவு செய்து வேலை செய்தால் பிரச்சினை வராது. முடித்துவிட்டு மாற்றப் பார்த்தால் தலைவலிதான். இன்டராக்‌ஷன் என்று பார்த்தால் லாட்டி அடிப்படையில் ஒரு டைம்லைன். எந்த ஃபிரேமிலிருந்து எந்த ஃபிரேம்வரை ஓட்டலாம் என்பதைத் தாண்டி அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

ஃப்ளாஷ் விட்டுப்போன இடத்துக்கு மிக நெருங்கி வந்திருப்பது ரைவ். வரைவது, எலும்பு பூட்டுவது, அசைப்பது எல்லாம் ஒரே எடிட்டரில். அதற்குள்ளேயே ஸ்டேட் மெஷின் இருக்கிறது: சும்மா இருக்கும் நிலை, மேலே விரல் வந்த நிலை, அழுத்திய நிலை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எந்த நிபந்தனையில் போவது என்பதை வரைகிறவரே அமைக்கலாம். கோடு எழுதுகிறவர் 'இப்போது பாஸ்வேர்ட் தவறு' என்று ஒரு உள்ளீட்டை மட்டும் அனுப்பினால் போதும். நான் மேலே சொன்ன கைமாற்ற இழப்பு இதில் வெகுவாகக் குறைகிறது. கவனிக்க வேண்டியது ஒன்று: தளத்தில் ஓட்டிக் காட்டும் ரன்டைம் திறந்த மூலம், எடிட்டர் ஒரு நிறுவனத்தின் கையில். ஃப்ளாஷின் கதையைப் பார்த்தவன் என்பதால், எந்த வேலை முடிந்தாலும் மூல ஓவியங்களை எஸ்விஜி என்ற வெக்டர் பட வடிவில் தனியே எடுத்து வைக்கச் சொல்வேன்.

ஜிசாப் கோடு வழியில் போகிறவர்களுக்கு இன்றும் மிக நம்பகமான டைம்லைன். 2024-ல் வெப்ஃப்ளோ என்ற இணையதள வடிவமைப்புக் கருவி நிறுவனம் அதை வாங்கியது. 2025 ஏப்ரல் இறுதியில், முன்பு காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த ஸ்ப்ளிட்டெக்ஸ்ட், மார்ஃப்எஸ்விஜி போன்ற பிளகின்கள் உட்பட எல்லாமே வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசமாயின. ஆனால் இலவசம் என்பதால் திறந்த மூலம் என்று நினைத்துவிடாதீர்கள். கோடு எழுதாமலே அனிமேஷன் கட்டும் விஷுவல் கருவி செய்து வெப்ஃப்ளோவோடு போட்டிக்குப் போனால், அதற்குள் ஜிசாப்பை வைக்க அந்த உரிமம் இடம் தராது. சொந்தக் கருவி எழுத நினைக்கிறவர் நீங்கள். அந்த உரிமத்தை ஒரு தடவை உட்கார்ந்து முழுதாகப் படித்துவிடுங்கள். எம்ஐடி என்ற கட்டுப்பாடு குறைந்த திறந்த மூல உரிமம் வேண்டுமென்றால் மோஷன், அனிமே.ஜேஎஸ் இரண்டும் இருக்கின்றன.

இதற்கிடையில் லைப்ரரியே வேண்டாம் என்ற அளவுக்குப் பிரவுசரும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஸ்க்ரோலோடு அசைவைக் கட்டிப்போடும் சிஎஸ்எஸ் வசதி 2023 ஜூலையில் குரோம் 115-ல் வந்தது. சஃபாரிக்கு 2025-ல், பதிப்பு 26-ல் வந்தது. ஒரே பக்கத்துக்குள் ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்கு மென்மையாக மாறும் வியூ டிரான்சிஷன்ஸ் 2023 மார்ச்சில் குரோம் 111-ல் தொடங்கி, 2024-ல் சஃபாரி 18-க்கும் 2025-ல் ஃபயர்பாக்ஸுக்கும் வந்தது. இரண்டு வருடம் முன்பு ஒரு லைப்ரரியை ஏற்றி நாற்பது வரி எழுதிச் செய்ததை இன்று நாலு வரி சிஎஸ்எஸ்ஸில் செய்ய முடிகிறது.

பின்தொடர்வது எப்படி என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதிலும் இதில்தான் இருக்கிறது. கருவிகளின் அறிவிப்பைத் துரத்தாதீர்கள். பிரவுசரின் வெளியீட்டுக் குறிப்புகளைப் படியுங்கள். குரோம், வெப்கிட் (சஃபாரியின் எஞ்சின்), ஃபயர்பாக்ஸ் மூன்றும் ஒவ்வொரு பதிப்புக்கும் குறிப்பு வெளியிடுகின்றன. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை உட்கார்ந்தால் மூன்றையும் பார்த்துவிடலாம். ஒரு வசதியை எப்போது நம்பிக் கையாளலாம் என்பதற்குப் பேஸ்லைன் என்ற அளவுகோல் இருக்கிறது: முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்தவுடன் 'புதிதாகக் கிடைப்பது', அதன்பின் 30 மாதம் கழிந்தால் 'பரவலாகக் கிடைப்பது'. கிளையன்ட் வேலைக்கு இரண்டாவது ரகம், சொந்தப் பரிசோதனைக்கு முதல் ரகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புது வசதியாக இருந்தாலும், அது இல்லாத பிரவுசரிலும் பக்கம் ஒழுங்காகப் படிக்கக் கிடைக்கும்படி சிஎஸ்எஸ்ஸின் 'சப்போர்ட்ஸ்' நிபந்தனைக்குள் எழுதுங்கள். வருடத் தொடக்கத்தில் வரும் இன்டராப் பட்டியலையும் விடாதீர்கள். அந்த வருடம் எந்தெந்த வசதியை ஒன்றுபோல வேலை செய்ய வைக்கலாம் என்று பிரவுசர் நிறுவனங்கள் கூடி ஒப்புக்கொள்வது அது. எது வரப்போகிறது என்பதற்கு அதைவிட நல்ல அறிகுறி கிடையாது.

புதுக் கருவி ஒன்று உண்மையிலேயே ஈர்த்தால், அவர்களுடைய டெமோவை வைத்து மதிப்பிடாதீர்கள். உங்களுக்கென்று ஒரே ஒரு பயிற்சி வைத்துக்கொண்டு, அதையே ஒவ்வொரு கருவியிலும் செய்யுங்கள். நான் பரிந்துரைப்பது நம் மெட்ரோ வரைபடம். நீல வழியில் விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை, பச்சை வழியில் சென்ட்ரலிலிருந்து பரங்கிமலை வரை இரண்டு எஸ்விஜி கோடுகள். சென்ட்ரலிலும் ஆலந்தூரிலும் அவை சந்திக்கும். ஒரு ரயில் புள்ளி கோட்டின் மேலேயே ஓட வேண்டும், நிலையத்தைத் தட்டினால் அங்கே வேகம் குறைந்து நிற்க வேண்டும், ஓடும்போதே வேறு நிலையத்தைத் தட்டினால் தாவாமல் திசை மாற வேண்டும், ஆலந்தூரில் வழி மாற வேண்டும். பாதை வழி நகர்வு, ஈசிங், குறுக்கீடு, நிலை மாற்றம் நான்கும் இதில் அடங்கிவிடும். சிஎஸ்எஸ் 'ஆஃப்செட் பாத்' வைத்து ஒரு தடவை, ஜிசாப்பில் ஒரு தடவை, ரைவில் ஒரு தடவை செய்தாலே எது உங்கள் கைக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்துவிடும். அடுத்த வருடம் வேறு பெயரில் எது வந்தாலும் அதே பயிற்சி காத்திருக்கும்.

இப்போது சொந்தக் கருவி. டைம்லைன் எடிட்டர் போல எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு ஒரு குழு வேண்டும். தமிழில் வேலை செய்கிறவருக்கு மட்டும் கண்ணில் படும் ஓட்டைகள் உண்டு. அவற்றில் ஒன்றை எடுங்கள். நான் கைகாட்டுவது எழுத்துப் பிரிப்பு.

தலைப்பு எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி வருகிற அந்த அசைவை எல்லாரும் பார்த்திருப்போம். ஆங்கிலத்தில் சொல்லை எழுத்தெழுத்தாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஸ்பான் என்ற எச்டிஎம்எல் உறையில் போட்டால் முடிந்தது. 'சென்னை' என்ற சொல்லை ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண ஸ்ப்ளிட்டில் வெட்டிப் பாருங்கள். நமக்கு அது செ, ன், னை என்று மூன்று எழுத்து. யூனிகோடில் ச, ஒற்றைக் கொம்பு, ன, புள்ளி, ன, ஐகாரக் குறி என்று ஆறு துண்டு. குறிகள் தனியே நின்று, புள்ளியிட்ட வட்டத்தோடு திரையில் அல்லாடும். வெளிநாட்டு டெம்ப்ளேட்டை அப்படியே எடுத்துத் தமிழ்த் தலைப்பைப் போட்ட தளங்களில் இந்தச் சிதைவை நான் பார்த்திருக்கிறேன். நம் எழுத்தை இப்படிக் கொத்திப்போட்டுப் பார்க்க மனசு கேட்காது.

இதற்குப் பிரவுசரிலேயே பாதித் தீர்வு இருக்கிறது: இன்ட்ல்.செக்மென்டர் என்ற, எழுத்து பிரிக்கும் ஜாவாஸ்கிரிப்ட் வசதி. 2024 ஏப்ரலில் ஃபயர்பாக்ஸ் 125-ல் வந்ததோடு எல்லா முக்கியப் பிரவுசர்களிலும் கிடைக்கிறது. அது 'சென்னை'யை மூன்றாகவும் 'வணக்கம்' என்பதை ஐந்தாகவும் சரியாக வெட்டும். மீதிப் பாதிதான் உங்கள் வேலை. க்ஷ, ஸ்ரீ இரண்டையும் அது இரண்டிரண்டு துண்டாக வெட்டிவிடும். யூனிகோடின் பொதுவிதி தமிழுக்கு அப்படித்தான் இருக்கிறது. க் என்ற துண்டுக்கு அடுத்தது ஷ-வில் தொடங்கினால் ஒட்டிவிடு என்று ஒரு விதி எழுத வேண்டும். 'ரிக்‌ஷா' போல இடையில் இணைப்பைத் தடுக்கும் மறைகுறி போட்டுத் தட்டச்சு செய்திருந்தால் ஒட்டக்கூடாது. அந்த மறைகுறி க்-ஓடு சேர்ந்தே வரும் என்பதால் உங்கள் விதி வெறும் க்-ஐ மட்டும் பார்த்தால் இதுவும் தானாகச் சரியாகிவிடும். ஸ்ரீ-யைச் சிலர் ஸகரத்திலும் சிலர் ஶகரத்திலும் எழுதுவார்கள், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டையும் ஏற்க வேண்டும்.

வெட்டியபின் வேறு வேலைகள் இருக்கின்றன. ஒவ்வொரு எழுத்தையும் இன்லைன்-பிளாக் ஆக்கினால் வரி எந்த எழுத்திலும் உடையலாம். எனவே முதலில் சொல்லுக்கு ஒரு உடையாத உறை, அதற்குள் எழுத்துகள். கீழிருந்து எழும்பி வரும் அசைவுக்கு மாஸ்க் போடும்போது, ஆங்கிலத்துக்கென்று அமைத்த இறுக்கமான வரி உயரத்தில் கீ, மீ-யின் மேல் சுழியும் ழ, மூ-வின் அடிப்பகுதியும் அறுபடும். மேலும் கீழும் பேடிங் கொடுத்து, அதே அளவு எதிர்ம மார்ஜினில் இழுத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன் ரீடர் சொல்லைத் துண்டுதுண்டாகப் படித்துவிடாமல், முழு வாக்கியத்தைக் கண்ணுக்குத் தெரியாத பிரதியாக ஒன்று வைத்து, வெட்டிய பகுதியை ரீடரிடமிருந்து மறைக்க வேண்டும். போனில் 'அசைவைக் குறை' என்று அமைத்திருப்பவர்களுக்கு வெட்டவே வேண்டாம். தலைப்பு அப்படியே நிற்கட்டும். அசைவைப் பார்த்தாலே தலைசுற்றல், குமட்டல் வருகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். ஐந்து நொடிக்கு மேல் தானாக ஓடும் எதையும் நிறுத்த வழி வேண்டும், நொடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் பளிச்சிடக்கூடாது என்று அணுகல்தன்மை விதிகள் சொல்வதையும் உங்கள் கருவியின் விளக்கத்தில் எழுதிவையுங்கள்.

இவ்வளவும் சேர்த்தாலும் இருநூறு வரிக்குள் அடங்கும் ஒரு லைப்ரரிதான். ஜிசாப்போடும் ஓட வேண்டும், வெறும் சிஎஸ்எஸ்ஸோடும் ஓட வேண்டும். அசைப்பதை அது செய்யக்கூடாது, வெட்டிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். எம்ஐடி உரிமத்தில் கிட்ஹப்பில் போடுங்கள். கூடவே ஒரு சோதனைச் சொல் பட்டியலும் இருக்கட்டும்: சென்னை, கொடி, கௌதாரி, பக்ஷி, ரிக்‌ஷா, ஸ்ரீரங்கம், ஔவை. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டாக உடைத்தும் எழுதலாம் என்பதால் 'கொடி', 'கௌதாரி' இரண்டுக்கும் இரு வடிவமும் வேண்டும். பயன்படுத்துகிறவர்கள் விடுபட்ட சொற்களை அனுப்ப ஆரம்பிப்பார்கள். தெலுங்கு, மலையாளம் செய்கிறவர்களும் வருவார்கள். அவற்றின் கூட்டெழுத்து விதிகள் வேறு, அவசரப்பட்டுச் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

த்ரீ.ஜேஎஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முப்பரிமாணக் காட்சிகளுக்கான லைப்ரரி அது. 2010-லிருந்து இருக்கிறது, பிரவுசர் கிராஃபிக்ஸ் சிப்பை நேரடியாகக் கையாள உதவும் வெப்ஜிபியு வந்தபின் இன்னும் பலம் கூடியிருக்கிறது, எங்கேயும் போகாது. கேமரா, ஒளி, மெட்டீரியல், ஷேடர் என்று அது தனிப் படிப்பு. ஸ்டுடியோவில் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவரோடு சேர்ந்து அடுத்த வருடம் தொடங்கலாம். இந்த வருடத்துக்கு மெட்ரோ வரைபடமும் எழுத்துப் பிரிப்பும் போதும்.